மேடைக்கு முன் ஒரு மேடை

தமிழ்மொழித் தினப் போட்டிகள் நெருங்கும் காலத்தில் நம் நாட்டுத் தமிழ் வீடுகள் பலவற்றில் ஒரே காட்சியைக் காணலாம். விறாந்தையின் ஒரு மூலையிற் பிள்ளையொன்று அப்பியாசக் கொப்பியைக் கையிற் பிடித்தபடி, கண்களை மூடியும் திறந்தும், முன்னும் பின்னும் நடந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டிருக்கும். அது பாடமன்று; பேச்சு. அதனை எழுதியது பெரும்பாலும் அப்பிள்ளையன்று. அயலிலுள்ள ஓர் ஆசிரியரோ, எழுத்தில் வல்ல மாமா ஒருவரோ எழுதிக் கொடுத்திருப்பார். அன்றேற் சென்ற ஆண்டு பரிசு பெற்ற அக்காவின் பழைய கொப்பியிலிருந்து அது இறங்கி வந்திருக்கும். பிள்ளை அதனை ஒரு வாரமாக விழுங்குகின்றது. தாயார் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சொல் பிசகினும் திருத்துகின்றார். போட்டி நாளன்று ஒலிவாங்கி ஒருமுறை கீச்சிடுகின்றது. அல்லது மண்டபத்தின் பின்வரிசையில் யாரோ கதிரையை இழுக்கின்றார். ஒரு சொல் ஓடி மறைகின்றது. அதன் பின்னே பேச்சு முழுவதும் ஓடி மறைகின்றது.

இதனைப் பிள்ளையின் பயம் என்கின்றோம். ஞாபகக் குறைவு என்றும் சொல்லுகின்றோம். இரண்டும் முழு உண்மையல்ல. மனனம் செய்த பேச்சில் ஒவ்வொரு சொல்லும் தனக்கு முன்னுள்ள சொல்லைப் பற்றிக்கொண்டே நிற்கின்றது. பொருளைப் பற்றிக்கொண்டு நிற்பதில்லை. ஆதலால், இடையில் ஒன்று நழுவினால் அடுத்ததனைத் தேடிப் பிடித்தற்குப் பிள்ளைக்கு வேறு வழியில்லை. கோயிலுக்குச் செல்லும் வழியைத் தானே பலமுறை நடந்து அறிந்தவன், ஓர் ஒழுங்கை அடைபட்டிருப்பின் மற்றோர் ஒழுங்கையாற் சென்று சேர்வான். பிறர் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிச் சென்றவன், அக்கை விடுபட்ட இடத்திலேயே நின்றுவிடுவான். மனனம் வேறு, ஒத்திகை வேறு என்பதை நம்மிற் பலர் இன்னும் உணர்ந்தாரல்லர்.

நாடகக்காரர் இவ்வேறுபாட்டை நன்கு அறிவர். வசனம் பாடமான அன்று ஒத்திகை முடிவதில்லை. அன்றுதான் அது தொடங்குகின்றது. எழுந்து நின்று, வாய்விட்டு, மூச்சையும் குரலையும் அளந்து, கேட்கும் ஒருவரை எதிரே வைத்துக்கொண்டு செய்வதே ஒத்திகையாகும். கேட்பவர் இல்லாத ஒத்திகை பாதி ஒத்திகைதான்.

இவ்விடத்து உலகறிந்த ஒருவரின் கதையை எடுத்துக்கொள்வோம். கி.மு. 384 ஆம் ஆண்டளவிற் கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரிற் பிறந்தவர் டெமொஸ்தீனிஸ். ஏழாம் வயதிலே தந்தையை இழந்தார். பாதுகாவலராக அமைந்தோர் அவர்தம் செல்வத்தைச் சூறையாடினர். வளர்ந்தபின் அவர்களை வழக்கிட்டு வெல்லுதற்கென்றே பேச்சுக் கலையைப் பயின்றார். ஆயினும், மக்கள் அவையில் அவர் முதன்முதற் பேசியபொழுது சபை நகைத்தது. குரல் மெலிவு, மூச்சு குறுகல், நாத் தடுமாற்றம், வாக்கியங்களோ பின்னிப் பிணைந்து, கேட்போர் தலையும் வாலும் காணமுடியாதவாறு நீண்டன. அவர் பின்னாளில் மாசிடோனிய மன்னன் பிலிப்பை எதிர்த்து முழங்கியதையும், கி.மு. 330 இல் ‘மகுடம்’ பற்றிய வழக்கில் ஆற்றிய உரையையும் வரலாறு போற்றுகின்றது. இவ்விரு நிலைகளுக்கும் இடையில் நிகழ்ந்தது யாது?

வாயிற் கூழாங்கற்களை இட்டுக்கொண்டு பேசிப் பழகினார் என்பது நம் பாடப்புத்தகங்களிலும் வந்த செய்தி. மலைச்சரிவில் ஓடியேறியபடி அடிகளை ஒரே மூச்சிற் சொல்லிப் பழகினார். நிலவறை ஒன்று அமைத்து, வெளியே செல்ல மனம் வந்தாலும் நாணித் தங்கும் வண்ணம் தலையின் ஒரு பக்கத்தை மழித்துக்கொண்டு, இரண்டு மூன்று மாதங்கள் அதனுள்ளேயே பயின்றார் என்றும் புளூட்டாக் என்னும் சரித்திர ஆசிரியர் எழுதியுள்ளார். (கூழாங்கல் முறையை எந்த மாணவரும் பரீட்சித்துப் பார்க்க வேண்டா. கல் தொண்டையிற் சிக்கினாற் பேச்சுடன் மூச்சும் நின்றுபோம்.)

ஆனால் அதே புளூட்டாக் சொல்லும் வேறொரு நிகழ்ச்சியைப் பலரும் மறந்துவிட்டனர். என் எண்ணத்தில் அதுவே கூழாங்கல்லிலும் பெருமதி வாய்ந்தது. மற்றுமொரு முறை சபையிலே தோல்வியுற்று, முகத்தை மூடிக்கொண்டு வீடு திரும்பிய டெமொஸ்தீனிசைச் சற்றிரஸ் என்னும் நடிகர் பின்தொடர்ந்து சென்றார். தாம் இவ்வளவு உழைத்தும், குடிகாரரும் மாலுமிகளும் பேசினாற் கேட்கும் சபை தம்மைக் கேட்பதில்லையே என்று டெமொஸ்தீனிஸ் வருந்தினார். நடிகர் ஆறுதல் கூறவில்லை, கண்டிக்கவுமில்லை. யூரிப்பிடீசின் நாடகத்திலிருந்தோ சொபொகிளீசின் நாடகத்திலிருந்தோ ஒரு பகுதியைச் சொல்லிக் காட்டும்படி கேட்டார். டெமொஸ்தீனிஸ் சொன்னார். உடனே சற்றிரஸ் அதே பகுதியை, அப்பாத்திரத்திற்குரிய உணர்ச்சியோடும் மெய்ப்பாட்டோடும் தாம் சொல்லிக் காட்டினார். அதே சொற்கள், ஆயினும் முற்றிலும் வேறொரு பொருள்போல் ஒலித்தன. எது குறைவென்று டெமொஸ்தீனிஸ் அப்பொழுதே தம் காதாற் கேட்டு அறிந்துகொண்டார். நிலவறை அமைத்தது அதன் பின்னரே.

கூழாங்கல் தனியே செய்யக்கூடியது. சற்றிரஸ் என்பவர் இரண்டாம் ஆள். குறை எங்கே இருக்கின்றதென்று காட்டும் அந்த இரண்டாம் ஆள் இல்லாவிடிற் பயிற்சி, பிழையையே திரும்பத் திரும்பச் செய்து அதனைத் திடப்படுத்தும் வேலையாகிவிடும். அவர் குறைகாட்டிய முறையும் கவனித்தற்குரியது. “உமது குரல் சரியில்லை” என்று அவர் சொல்லவில்லை. ஒரு பகுதியை எடுத்து, இப்படியும் சொல்லலாம் என்று காட்டினார்.

நம் நாட்டிலும் இத்துறைக்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 1847 ஆம் ஆண்டு டிசெம்பர் 31 ஆந் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தமது முதலாவது சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். அன்று அவருக்கு வயது இருபத்தைந்து. நாவலர் என்னும் பட்டம் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவருக்குக் கிடைத்தது 1849 இலேதான். அதற்கு முன் புராண படனம் இருந்தது. பாட்டுக்குப் பொருள் சொல்லும் வழக்கம் இருந்தது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, உரைநடையில், நேரே மக்களை நோக்கி எழுந்து பேசும் பிரசங்க முறை மெதடிஸ்த பாதிரிமாரின் மேடைகளில் வழங்கிற்று. பார்சிவல் பாதிரியாரின் பாடசாலையிற் பயின்று, அங்கேயே கற்பித்தும் வந்த நாவலர், அம்முறையை அருகிலிருந்து கண்டவர். கண்டதைத் தமதாக்கி, வெள்ளிதோறும் தொடர்ந்து பேசினார். அவருடைய நண்பர் கார்த்திகேசையரும் அப்பணியிற் பங்குகொண்டார். வாரந்தோறும் அதே கோயிலில், அதே அயலவர் முன்னே, வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும் கடுமையான பயிற்சிக்கூடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. சென்ற வாரம் விளங்காதவர் இந்த வாரம் வரமாட்டார். பேசுபவருக்கு அதுவே தீர்ப்பு.

மனனத்தை மாத்திரம் நம்பி இடருற்றவர்களில் வின்ஸ்டன் சேர்ச்சிலும் ஒருவர். 1904 ஏப்ரல் 22 இற் பிரித்தானியப் பொதுமக்கள் சபையிலே தொழிற்சங்கங்கள் சம்பந்தமான ஒரு மசோதாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அக்காலத்திற் பேச்சைச் சொல்லுக்குச் சொல் மனனம் செய்து வருவது அவர் வழக்கம். முக்கால் மணி நேரமளவிற் பேசியபின், ஒரு வாக்கியத்தின் நடுவே சொல் மறந்தது. தேடினார், கிடைக்கவில்லை. கேட்டதற்குச் சபையினருக்கு நன்றி கூறி அமர்ந்து, முகத்தைக் கைகளாற் பொத்திக்கொண்டார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் முக்கிய உரைகளுக்குக் குறிப்பின்றி எழுந்ததில்லை. அக்குறிப்புகளும் பாட்டின் அடிகள்போல் முறித்து முறித்துத் தட்டச்சிடப்பட்டிருக்கும். எங்கே நிறுத்துவது, எங்கே மூச்செடுப்பது என்பதைக் கண் பார்த்த மாத்திரத்திலே அறிதற்பொருட்டு. ஆறாம் ஜோர்ஜ் மன்னருக்கும் அவருடைய பேச்சுப் பயிற்சியாளர் லியனல் லோக் இவ்வாறே நிறுத்தற் குறிகளை இட்டுக் கொடுத்தார். திக்குவாயால் வருந்திய அம்மன்னர் 1926 இல், மன்னராவதற்குப் பத்து ஆண்டுகள் முன்னரே, லோக்கிடம் பயிற்சியைத் தொடங்கினார். 1939 செப்டெம்பர் 3 இல் யுத்தம் தொடங்கிய மாலையில் வானொலியில் மக்களுக்கு உரையாற்றியபோதும் லோக் அதே அறையில் உடனிருந்தார்.

பயிற்சி செய்தாற் பேச்சின் இயல்பு கெட்டுப்போம் என்று சிலர் சொல்வதுண்டு. “வாயில் வருவதைப் பேசவேண்டும், அதுவே உள்ளத்திலிருந்து வருவது” என்பர். இத்தகையோர்க்கு 1963 ஆகஸ்ட் 28 இல் வாஷிங்டனில் மாட்டின் லூதர் கிங் ஆற்றிய உரையை நினைவூட்டலாம். அவர் கனவைப் பற்றிக் கூறிய புகழ்பெற்ற பகுதி, அன்று கையிலிருந்த எழுத்துரையில் இல்லை. அருகிலிருந்த பாடகி மஹலியா ஜாக்சன், அந்தக் கனவைப் பற்றிச் சொல்லும்படி குரல்கொடுத்தார் என்பர். எழுத்துரையை விட்டு விலகி அவர் பேசினார். எவ்வளவு இயல்பு என்று வியக்கின்றோம். ஆனால் அப்பகுதியை அவர் 1962 நவம்பரில் வட கரோலினாவின் றொக்கி மவுண்ட் நகரிலும், 1963 ஜூன் மாதத்தில் டெற்றோயிற் நகரிலும் ஏற்கெனவே பேசியிருந்தார். நாவிற் பழகிக் கிடந்ததனாலேதான், வேண்டிய கணத்தில் அது எழுந்து வந்தது.

இனி, நம் வீட்டு விறாந்தைக்குத் திரும்புவோம். ஐந்து நிமிடப் பேச்சொன்றிற்கு மாணவர் ஒருவர் எவ்வாறு ஆயத்தஞ் செய்யலாம்?

பொருளைத் தாமே சிந்தித்து எழுதுக. பெரியோர் திருத்தலாம், எழுதிக் கொடுத்தலாகாது. எழுதியபின் அந்த எழுத்தை ஒருபுறம் வைத்துவிட்டு, பேச்சின் படிகளை மாத்திரம் ஒரு சிறு அட்டையில் நாலைந்து சொற்களாகக் குறித்துக்கொள்க. அவ்வட்டையோடு எழுந்து நின்று வாய்விட்டுப் பேசுக. முதன்முறை மிக மோசமாகவே இருக்கும், சொல் தட்டும், வாக்கியம் முடியாது. அது நல்லது. இரண்டாம் முறை வேறு சொற்களில் வரும். மூன்றாம் முறை இன்னும் வேறாக வரும். மூன்று முறையும் படிகள் மாறாதிருப்பின் பேச்சு உள்ளத்தில் வேரூன்றிவிட்டது எனலாம். தொடக்க வாக்கியத்தையும் இறுதி வாக்கியத்தையும் மாத்திரம் மனனம் செய்துகொள்வதில் எனக்கு ஆட்சேபமில்லை. நெஞ்சு மிகுதியாகப் படபடப்பது தொடக்கத்தில்; இறங்கத் தெரியாமற் பலர் தவிப்பது இறுதியில்.

ஓர் இரவிலே இரண்டு மணி நேரம் உருப்போடுவதிலும், நாளுக்குக் கால் மணி நேரமாக எட்டு நாட்கள் பேசிப் பழகுவது மேலானது. கற்றலை நாட்களுக்கிடையே பரப்பினால் நினைவு நிலைக்கும் என்பதை ஜெர்மனியரான எபிங்ஹவுஸ் 1885 இலேயே தம்மைத் தாமே பரிசோதித்து எழுதி வைத்தார். நம் பரீட்சார்த்திகள் மாத்திரம் இதனை இன்னும் நம்பவில்லை.

கடிகாரத்தையும் ஒரு கேள்வியாளராகக் கருதுக. நம் பிள்ளைகளின் ஐந்து நிமிடப் பேச்சில் முதல் ஒரு நிமிடம் எங்கே போகின்றதென்று யாரேனும் கணக்கிட்டதுண்டோ? தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே, அதிபர் அவர்களே, ஆசான்களே, அன்னையரே, தந்தையரே, சக போட்டியாளர்களே என்று விளித்து, தமிழன்னைக்கு வணக்கம் கூறி, சபைக்கு வணக்கம் கூறி, தலைப்பை அறிவித்து முடிக்கும்போது, முதல் மணி அடிக்கும் நேரம் பெரிதுந் தொலைவில் இல்லை. ஒரே விளியிற் சபை முழுவதையும் வணங்கிவிட்டுப் பொருளிற் புகுந்தால் எந்த நடுவரும் கோபிக்கமாட்டார். கோபிப்பவர் நடுவராக இருத்தற்கு உரியவரல்லர்.

கண்ணாடி முன் நின்று பேசுதலை டெமொஸ்தீனிஸ் கைக்கொண்டார் என்பர், பலரும் விதந்துரைப்பர். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. கண்ணாடியிற் பார்ப்பவன் தன்னையே பார்க்கின்றான், சபையையன்று. அதனினும் கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவு பயன் மிக்கது. முதன்முதலில் தன் குரலைக் கேட்கும் எந்தப் பிள்ளையும் “இது என்னுடைய குரலா?” என்று முகஞ்சுளிக்கும். அதற்கு இயற்கையான காரணம் உண்டு. நாம் பேசும்போது நமது குரல் காற்றின் வழியாக மாத்திரமன்றி மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் நம் செவிக்குள் வருகின்றது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்கு கடத்துவதனாற் குரல் கனமாகக் கேட்கின்றது. ஒலிப்பதிவிற் காற்றுவழி வந்த ஒலி மாத்திரமே உண்டு. பிறர் என்றுங் கேட்டுவரும் குரல் அதுவே. இரண்டு மூன்று முறை கேட்டபின் அருவருப்பு நீங்கும். அதன்பின் எங்கே அவசரப்பட்டோம், எங்கே வாக்கியத்தின் ஈற்றைக் கீழே போட்டோம் என்பன தாமே தெரியவரும்.

கருவி இவ்வளவுதான் செய்யும். இனி மனிதர் வேண்டும். இங்கேதான் நம் சமூகத்திலே பெரிய இடர்ப்பாடு இருக்கின்றது.

பேசி முடித்த பிள்ளைக்கு நாம் இருவகைச் சொற்களையே வைத்திருக்கின்றோம். ஒன்று, “மிக நன்று.” மற்றது, “உனக்கு இது வராது.” முதலாவதாற் பயனில்லை, இரண்டாவதாற் பெருந் தீங்கு உண்டு. ஏப்ரகாம் குளூகர், அஞ்சலோ டெனிசி என்னும் உளவியலாளர் இருவர், செயல் பற்றிய கருத்துரை மனிதரின் முன்னேற்றத்திற்கு எவ்வாறு உதவுகின்றது என்பது குறித்த பல ஆய்வுகளை ஒருங்கு சேர்த்து நோக்கி, 1996 இல் ஒரு முடிபை வெளியிட்டனர். கருத்துரை சராசரியாக நன்மையே செய்கின்றது. ஆயினும் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களில் அது செயலை முன்னையிலும் கீழிறக்கியுள்ளது. செய்த காரியத்தை விட்டு, செய்த ஆளின்மீது கவனம் திரும்பும்போது தீங்கு நேர்கின்றதென அவர்கள் விளக்கினர். இதனைப் படிக்குமுன்பே இதன் உண்மையை நான் ஒரு மாணவனிடத்திற் கண்டிருந்தேன்.

பதினான்கு வயதுப் பிள்ளை. வாசிப்பு மிக்கவன். வலய மட்டப் போட்டியொன்றில், குடாநாட்டுக் கிணறுகளும் நிலத்தடி நீரும் பற்றிப் பேசினான். அது குரல் உடையும் பருவம். குரல்வளை வளரும் அவ்வயதில் எந்தச் சிறுவனது குரலும் திடீரென ஏறி இறங்கும். நடுவருள் ஒருவர், முடிவை அறிவிக்கையில், எல்லோருங் கேட்கும்படி, “தம்பி, இந்தக் குரலை வைச்சுக்கொண்டு மேடைக்கு வரலாமோ?” என்று வேடிக்கை செய்தார். சபை சிரித்தது. அவர் அதனை அன்று மாலையே மறந்திருப்பார். அப்பிள்ளையோ இரண்டு ஆண்டுகள் வகுப்பிற் பாடப்புத்தகத்தைக்கூட உரக்க வாசிக்க மறுத்துவிட்டான். விடை தெரிந்த வினாக்களுக்கும் தலை குனிந்தே இருந்தான். அவனுடைய தாயார் என்னிடம் வந்து, “சேர், வீட்டிலையும் கதை குறைஞ்சு போச்சு” என்று கண்கலங்கினார்.

அவனைப் பேசும்படி நான் வற்புறுத்தவில்லை. வகுப்பில் மற்றவர்கள் பேசிப் பழகும்போது நேரம் பார்க்கும் பொறுப்பைக் கொடுத்தேன். சில வாரங்களில், பேசியவர் எந்த இடத்தில் விளங்காமற் பேசினார் என்பதைத் தாளில் எழுதிக் கொடுக்கத் தொடங்கினான். அவன் எழுதியவை என் குறிப்புகளிலும் கூர்மையாக இருந்தன. தாம் எழுதியதற்கு விளக்கம் கேட்கப்பட்டபோது வாய்திறந்து சொல்லவேண்டியதாயிற்று. இரண்டு பேருக்குச் சொன்னான், பின் நால்வருக்கு. இறுதியாண்டிலே பரிசளிப்பு விழாவில் நன்றியுரை கூறும் பொறுப்பைத் தானாகவே கேட்டு வாங்கினான். மூன்று நிமிட உரை. அதற்கென ஒன்பது முறை ஒத்திகை பார்த்தான். கடைசி மூன்று முறையும் வெறுமையான மண்டபத்தில், பின்வரிசையில் ஒரு நண்பனை இருத்தி, கேட்கின்றதா என்று கையசைக்கச் சொல்லி. விழாவன்று இரண்டிடத்திற் சொல் தடுமாறி நின்று பின் தொடர்ந்தான். அதனைக் கவனித்தவர் என்னைத் தவிர வேறொருவரும் இலர் என்று நினைக்கின்றேன்.

இதுவும் தற்செயலன்று. கெனெத் சவிற்ஸ்கி, தோமஸ் கிலோவிச் என்னும் இருவர் 2003 இல் வெளியிட்ட ஆய்வில், பேசுபவர் தமது நடுக்கம் எவ்வளவு வெளித்தெரிகின்றதென்று எண்ணுகின்றாரோ அவ்வளவு கேட்பவருக்குத் தெரிவதில்லை என்று கண்டனர். இவ்வுண்மையை முன்கூட்டியே சொல்லிவைத்தபோது, பேசுவோர் மேலும் நன்றாகப் பேசினர் என்பதும் அவ்வாய்விற் புலப்பட்டது. முழங்கால் நடுங்குவது நமக்குப் பூமியதிர்ச்சி. மூன்றாம் வரிசையிலிருப்பவருக்கு அது ஒன்றுமேயில்லை. ஒவ்வோர் ஒத்திகையின் பின்னும் “என் நடுக்கம் தெரிந்ததா?” என்று கேட்டு அறிவது, பயத்தைத் தணிக்கும் மருந்து.

கேட்பவரிடத்து எதனைக் கேட்கவேண்டும்? “எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லாயிருந்தது” என்றே விடை வரும். அவர்மீது குற்றமில்லை, வினாவே அத்தகையது. “நான் சொன்னது என்ன? உங்கள் வாயாற் சொல்லுங்கள்” என்று கேட்கவேண்டும். “எந்த இடத்தில் உங்கள் மனம் வேறெங்கோ போயிற்று?” என்று கேட்கவேண்டும். இவ்விரண்டிற்கும் விடை கூறக் கேட்பவர் பண்டிதராயிருக்க வேண்டியதில்லை. அறிந்த மாணவி ஒருத்தி, தன் பேச்சை முதலில் எப்போதும் அம்மம்மாவுக்கே சொல்லிக் காட்டுவாள். சாய்மனைக் கதிரையில் இருந்தபடி அம்முதியவள், “பிள்ளை, ‘விழுமியம்’ எண்டு மூண்டு தரம் சொன்னனீ; அதென்னண்டு எனக்கு விளங்கேல்லை” என்றாளாம். மாணவி யோசித்துப் பார்த்தாள். தனக்கும் அது சரிவர விளங்கவில்லை என்பது தெரியவந்தது. அச்சொல்லை நீக்கிவிட்டு, வழியிற் கிடந்த பணப்பையை உரியவரிடம் சேர்ப்பித்த ஒருவரின் கதையைச் சேர்த்தாள். பட்டம் பெற்ற எந்த ஆசிரியராலும் அவ்வளவு சுருக்கமாகத் திருத்தியிருத்தல் அரிது.

அமெரிக்காவில் இக்காரியத்தை ஓர் ஒழுங்காகவே அமைத்தார் ஒருவர். கலிபோர்னியாவின் சாந்தா ஆனா நகரில், வை.எம்.சி.ஏ. கட்டடத்தின் நிலவறையில், றல்ப் ஸ்மெட்லி என்பவர் 1924 ஒக்டோபர் 22 இற் சிறு கழகமொன்றைத் தொடக்கினார். டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்னும் பெயரில் உலகெங்கும் பரவி, இலங்கையிலும் இன்று இயங்குவது அவ்வமைப்பே. அங்கே ஆசிரியரும் இலர், நடுவரும் இலர். இன்று பேசுபவரை மதிப்பிடுபவர் அடுத்த முறை தாமே பேசுவார். அவரை வேறொருவர் மதிப்பிடுவார். ஒருவர் நேரத்தை நோக்குவார். ஒருவர் மொழியை நோக்குவார். இடையில் வரும் வெற்றொலிகளை எண்ணுதற்கென்றே ஒருவர் இருப்பார். மதிப்பீடும் எழுந்து நின்று, இரண்டு மூன்று நிமிடத்தில், எல்லோர் முன்னும் ஆற்றப்படும் ஒரு சிறு பேச்சே. நாளை தாமும் அதே இடத்தில் நிற்கவேண்டும் என்பதை அறிந்தவரின் நாக்கு கடுமையாவதில்லை.

இது மேனாட்டார் கண்ட புதுமை என்று எண்ண வேண்டா. திருவள்ளுவர் பேச்சுக்குச் சொல்வன்மை என ஓர் அதிகாரமும், சபைக்கு அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களும் வகுத்தார். பேச்சின் பாதிக்குமேல் கேட்பவரிடத்தே கிடக்கின்றது என்பதை அக்கணக்கே காட்டும். நன்னூலின் பொதுப்பாயிரமோ இன்னும் வெளிப்படையாகப் பேசுகின்றது. ஆசிரியர் சொல்வதைச் செவ்வையாகக் கேட்ட மாணாக்கன் பெறுவது புலமையிற் காற்பங்கே. உடன் பயில்வாரோடு பழகுதலால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனால் வருவது. பவணந்தியாரின் அளவுகோலின்படி, வாய்திறவாமலே பரீட்சையில் விசேட சித்தி பெறும் நம் பிள்ளைகள் பாதிப் புலமையோடு வீடு திரும்புகின்றனர். பின்னர் நேர்முகப் பரீட்சையில், தமக்கு நன்கு தெரிந்த பொருளையே சொல்லமாட்டாது தவிக்கின்றனர்.

போட்டிகளை நடத்துவோருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. போட்டிகள் பலவற்றிலே முதலாம், இரண்டாம், மூன்றாம் இடங்களை அறிவித்தவுடன் மண்டபம் கலைந்துவிடுகின்றது. இருபது பிள்ளைகள் பேசினால், பதினேழு பிள்ளைகள் தம்மிடம் என்ன குறைந்தது என்பதை அறியாமலே பேருந்து ஏறுகின்றனர். நடுவர் தம் தாளில் எண்களைத்தான் எழுதினார் என்பதன்று, குறிப்பும் எழுதியிருப்பார். அக்குறிப்பில் இரண்டு வரிகளை, நன்றாயிருந்த ஓரிடத்தையும் திருத்தவேண்டிய ஓரிடத்தையும், தனித் துண்டில் எழுதி ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுத்தனுப்புவதற்குப் பணம் வேண்டியதில்லை. அரை மணி நேரம் வேண்டும்.

நாற்பது பேர் உள்ள வகுப்பில், நாற்பது நிமிடப் பாடவேளையில், எல்லோரையும் பேசவைப்பது எவ்வாறென்று சக ஆசிரியர்கள் கேட்பதுண்டு. எல்லோரும் எல்லோர் முன்னும் பேச வேண்டியதில்லை. நால்வர் நால்வராகப் பிரித்து, மரநிழலிலோ விறாந்தையிலோ இருத்திவிடலாம். ஒருவர் நான்கு நிமிடம் பேச, ஒருவர் நேரம் பார்க்க, ஒருவர் பொருளைத் திருப்பிச் சொல்ல, ஒருவர் ‘வந்து’, ‘அதாவது’, ‘என்னெண்டால்’ என்பனவற்றை எண்ணுவார். ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம்கூட ஆகாது என்று நினைத்தே தொடங்கினோம். பத்தாம் வகுப்பு மாணவர்களின் வாதம் முடியாமற் பாடவேளை முழுவதும் போயிற்று. முதல் வாரத்திலே ஒரு மாணவனின் நான்கு நிமிடப் பேச்சில் இருபத்து மூன்று ‘வந்து’ எண்ணப்பட்டன. அவன் நம்பவில்லை, மற்றவர்கள் கோடிட்ட தாளைக் காட்டினர். குழு முழுவதும் சிரித்தது, அவனும் சேர்ந்தே சிரித்தான். அடுத்த வாரம் எண்ணும் வேலையைத் தனக்கே தரவேண்டுமென்று முன்கூட்டியே வந்து பென்சிலைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.